காற்றுக்கு வைத்த கதவு

எங்கள் கோயிலைப் பற்றி ஒரு புத்தகம் போன வருடம் அச்சாகி வந்தது. பளபளப்பான அட்டை, நடுவில் வண்ணப் படங்கள், முதல் பக்கங்களில் பெரியவர்களின் ஆசிச் செய்திகள். அதன் பின்பாதியில், கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில், இப்படி ஒரு வரி வருகிறது: ‘வடக்குச் சுவரில் இருந்த சிறிய கதவு காற்றோட்டத்துக்காக அமைக்கப்பட்டது என ஆலயப் பணியாளர் தெரிவித்தார்.’

அந்த ஆலயப் பணியாளர் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் சொன்ன ஒன்று அச்சில் வந்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அது பொய்.

என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. ஒரு பெண்பிள்ளை மரியாதையாகக் கேட்டாள், நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அந்தக் கதவு இன்றைக்கு இல்லை. அதை அடைத்ததும் என் கைதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. தனியாக உட்கார்ந்தால் எழுத வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

கத்தோலிக்கர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். மாத்தளையிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊர்ச் சந்தியில் இரண்டு நிமிடம் நிற்கும். கடைவீதி அதற்குள் முடிந்துவிடும். அதன் கடைசியில், ஒரு சின்ன ஏற்றத்தில் கோயில். வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் எங்கள் கோயிலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போய்விடும். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

முகப்பைப் பார்த்தால் பெரிய கோயில் என்று தோன்றும். சுவர் இரண்டு பக்கமும் சுருள் சுருளாக ஏறி உச்சியில் ஒரு சிலுவையில் போய் முடியும். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கூரை ஓர் ஆள் உயரம் தாழ்ந்துதான் இருக்கிறது. றோட்டில் நிற்பவர்களுக்காகக் கட்டிய முகம் அது. உள்ளே போனால் நீளமான ஒரே மண்டபம். வலது கைப் பக்கம் நேரே சுவர், உயரமான ஜன்னல்கள், வளைவுகளில் நிறக் கண்ணாடி. இடது கைப் பக்கம், அதாவது வடக்கே, நான்கு தூண்கள் வரிசையாக நிற்கும். தூண்களுக்கு அந்தப் புறம் ஒடுக்கமாக ஒரு பகுதி, ஒரு நீளமான விறாந்தை மாதிரி. அதற்கு மேலே கூரை சரிந்து தாழ்ந்து வரும். நிறக் கண்ணாடி அங்கே கிடையாது. சிறிய மரக் கம்பி ஜன்னல்கள் இரண்டும், ஒரு கதவும்தான் அங்கே இருந்தன.

அந்தக் கதவால் நான் குனிந்துதான் போவேன். நான் அப்படி ஒன்றும் உயரமானவன் இல்லை.

கோயில் கட்டடத்தை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். நான் அதைக் கூட்டியவன். இருபத்தெட்டு வயதில் கோயில் வேலைக்கு வந்தேன், இப்போது ஐம்பத்துமூன்று. கூட்டுகிறவனுக்குத் தெரிவது வேறு. தூண்களுக்கு முகமும் முதுகும் இருப்பது எனக்குத் தெரியும். மண்டபத்தைப் பார்த்த பக்கம் உருண்டையாக, பூ வேலை செய்து, வழவழப்பாக இருக்கும். விறாந்தையைப் பார்த்த பக்கம் தட்டையாக, கரடாக இருக்கும். தூசி அந்தப் பக்கத்தில்தான் பிடிக்கும். விறாந்தையின் தரை மண்டபத்தைவிட மூன்று விரல் தாழ்ந்து, பதிவாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில், தூணுக்குத் தூண், தரையில் ஒரு நீளமான பள்ளம் ஓடும். என் விளக்குமாறு ஒவ்வொரு நாளும் அதில் தட்டும். அந்த இடத்தில் நின்று, குனிந்து, ஈர்க்கை விட்டுக் குப்பையைத் தோண்டி எடுக்க வேண்டும். தூண்களில் இடுப்பளவு உயரத்தில் சீமெந்து வைத்து அடைத்த துளைகளும் இருந்தன. பள்ளமும் துளைகளும் ஒரு மரத் தடுப்பு நின்ற அடையாளங்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் தோட்டத்து ஆட்கள். என் அம்மா அவர்களில் ஒருத்தி.

அம்மா பிறந்ததும் வேலை செய்ததும் ஊருக்கு மேலே உள்ள தோட்டத்தில். முதலில் கொக்கோ, பிறகு இறப்பர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், மலைப்பாதையால் இறங்கி வருவார்கள். பெரிய கதவால் டவுன் ஆட்கள் போவார்கள், வடக்குக் கதவால் இவர்கள். அம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் அந்தத் தடுப்பு இருந்தது. தூண்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பூசை கேட்டிருக்கிறார்கள். பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. தூண் அவ்வளவு தடிப்பம்.

வடக்குச் சுவரைப் பற்றி அம்மா சொன்னது இன்னொன்று உண்டு. கோயில் கட்டும் காலத்தில் தோட்டத்துப் பெண்கள் பூசைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கல் ஆற்றிலிருந்து தலையில் தூக்கி வந்து போட வேண்டுமாம். கல் இல்லாமல் வந்தவளை உபதேசியார் திருப்பி அனுப்புவாராம். இது அம்மாவுக்கு அவளுடைய பெரியவர்கள் சொன்னது. நான் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் வடக்குச் சுவரின் சாந்து பாளமாக விழுந்தது. உள்ளே பார்த்தேன். முகப்பிலும் தெற்கிலும் உள்ளது வண்டியில் வந்த செதுக்கிய கல். வடக்கில் உள்ளது உருண்டைக் கல், ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் தலை தாங்குகிற அளவு. அதற்கு மேல் பெரிதாக ஒன்றுகூட இல்லை. நான் திரும்பச் சாந்து பூசி மூடினேன்.

தடுப்பை எடுத்த கதையை அம்மா சிரித்துக்கொண்டு சொல்லுவாள். புதிதாக வந்த ஒரு சாமி, ஒரு சனிக்கிழமை, மரம் அறுக்கிற வாளை எடுத்துத் தானே அறுத்துத் தள்ளிவிட்டாராம்.

“மறுநாள் பூசைல முன்னுக்கு வாங்க, வாங்கன்னு கூப்பிட்டாரு. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம். கம்பு போயிருச்சு, கால் போக மாட்டேங்குது” என்பாள்.

கடைசிவரை அவள் கால் போகவே இல்லை. நான் கோயில் வேலைக்கு வந்த பிறகும் வடக்குக் கதவால்தான் வருவாள். அந்தக் கதவு அவளுக்குக் குனிய வேண்டிய உயரமில்லை, அவள் என்னைவிடக் கட்டை. ஆனாலும் குனிவாள். உள்ளே கால் வைக்கும்போது வலது கையைக் கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஊன்றுவாள். அவளுக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான் ஊன்றியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சுவர் எண்ணெய் பிடித்தது மாதிரி கறுத்து இருக்கும். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு நான் வெள்ளை அடிப்பேன். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்குள் கறுப்பு திரும்ப வந்துவிடும்.

ஒரு தடவை அவளிடம் சொன்னேன்: “அம்மா, முன் கதவால வாங்களேன். இப்ப யாரு என்ன சொல்லப் போறாங்க?”

“யாரும் சொல்றதுக்கா போறேன்? பழகின வழி. அந்தக் கதவால போனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

“பாத்தா பாக்கட்டுமே.”

“பாக்குறது ஒனக்குத்தான் வெக்கமா இருக்கு. நீ வேணும்னா என் பக்கத்துல வந்து நிக்காத. கோயில் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் பெரிய ஆளு மாதிரி அங்கயே நில்லு.”

அவள் சொன்னது சரி. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, டவுன் ஆட்கள் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு, தாய் அந்தப் பொந்து வழியாக வருவதைப் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். அவள் செத்து நாலு வருடம் ஆகிறது.

கோயிலுக்குப் பெரிய ஆண்டு நிறைவு வருகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே குழு ஒன்று போட்டார்கள். குழுவின் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். எல்லாரும் மாஸ்டர் என்போம். குழுவில் இன்னொருவர் இரும்புக்கடை முதலாளி. சீமெந்து, தகரம், டைல்ஸ், குழாய் எல்லாம் அவருடைய கடையில்தான். இந்த முதலாளியும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாக இறப்பர் பால் வெட்டினார்கள், ஒன்றாக மலை இறங்கி வந்தார்கள், அதே கதவால் குனிந்து போனார்கள். சின்ன வயதில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது ஆட்கள் முன்னால் முதலாளி என்கிறேன். அவர் டவுனில் மாடி வீடு கட்டியதிலிருந்து தோட்டத்துப் பேச்சை எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு எங்கே கல்யாணம் பேசுகிறாரோ, அதற்கு அது சரிவராது போலும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. செத்துப்போன தன் தாயின் நினைவாக மாதாவின் சுரூபம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். வைக்க இடம் பார்த்தார். வடக்குப் பக்கம், அந்தக் கதவு இருந்த இடம் நல்ல இடம் என்று பட்டது. கதவை அடைத்துவிட்டால் அளவாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் கட்டடத்தை அளந்து வரைய ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்கிற சிங்களப் பிள்ளைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். புத்தகத்துக்கு அவர்கள்தான் கட்டடத்தின் வரலாறு எழுதித் தருவதாகவும், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று ஓர் அறிக்கை கொடுப்பதாகவும் ஏற்பாடு. அறிக்கைப்படி செய்வோம் என்று பாதரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்பிள்ளை கெட்டிக்காரி. வந்த முதல் நாளே, “மாமே, ஏன் இந்தக் கோயிலுக்கு ஒரு பக்கம் மட்டும் விறாந்தை?” என்று சிங்களத்தில் கேட்டாள். நான் தெரியாது என்று தலையாட்டினேன். இரண்டாம் நாள் தூண்களின் முதுகைத் தடவிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் குந்தி, அந்தப் பள்ளத்தில் விரலை விட்டாள். இருபது வருடத்துக்கு மேலாக நான் ஈர்க்கால் தோண்டிய பள்ளத்தில் இன்னொருவர் விரல் விட்டுப் பார்ப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“இதில் ஏதோ நின்றிருக்கிறது, மாமே” என்றாள்.

அப்போது மாஸ்டரும் முதலாளியும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். முதலாளி கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுக்க ஒரு நாடாவோடு வந்திருந்தார்.

அவள் எழுந்து கதவைக் காட்டினாள். “இந்தக் கதவு யாருக்கு வைத்தது? இவ்வளவு பதிவாக ஏன்? வெளியே உள்ள படியைப் பாருங்கள், நடுவில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. பெரிய கதவின் படிகூட இப்படித் தேயவில்லை. இதற்கு ஒரு கதை இருந்தால் நான் எழுதுகிறேன். கதை இருந்தால் இதைத் தொடக் கூடாது என்றும் எழுதலாம்.”

மாஸ்டருக்குச் சிங்களம் நல்லாய் வரும். இருந்தாலும் என்னிடம் தமிழில் திருப்பினார்: “உமக்குத்தானே தம்பி தெரியும். இவ்வளவு காலம் இஞ்ச நிக்கிறீர். என்னத்துக்கு வச்சதெண்டு சொல்லுமன், பிள்ளை எழுதட்டும்.”

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்தால் எழுதச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது கறக் கறக் என்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்களை லயத்துப் பயல்கள் என்று கூப்பிடும்போதும் அவனுக்குக் காதுதான் சிவக்கும்.

அம்மாவைச் சொல்ல வேண்டும். இது எங்கள் அம்மா வந்த வழி, இந்தச் சுவரின் கல் எங்கள் ஆட்கள் தலையில் வந்தது, இந்தத் தூண் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவும் வாய்க்குள் வந்து நின்றது. கூடவே, டவுன் ஆட்கள் முன்னால் நான் சொல்லப்போகிற முதல் பெரிய விஷயம், எங்களை உள்ளே விடவில்லை என்பதா என்றும் வந்தது.

“காத்துக்கு வச்சதுங்க சார்” என்றேன். “அந்தக் காலத்துல ஃபேன் இல்லைல்ல. வடக்குக் காத்து நல்லா வரும்.”

மாஸ்டர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படியைப் பார்த்தாள். காற்று நடந்து படி தேயுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதில் மூத்தவன் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் நான் மணி அடித்துவிட்டு வரும்போது முதலாளி வாசலில் காத்துக்கொண்டு நின்றார். ஆட்கள் இல்லை. தோளில் கை போட்டார். அவர் என்னைத் தொட்டு எத்தனையோ வருடம்.

“மச்சான், நல்லவேளை ஒழுங்கா சொன்ன. இல்லாட்டிப் புத்தகத்துல போட்டு ஊரெல்லாம் வாசிக்கிறதா? நம்ம சனத்துக்குத்தான் கேவலம்.”

“ஒங்க அம்மா பேருலதானே சுரூபம் வைக்கிறீங்க?”

“ஆமா.”

“அவங்களும் அந்தக் கதவாலதானே வந்தாங்க?”

“அதுக்குத்தான்டா அடைக்கிறேன்” என்றார். “இனி யாரும் அந்தப் பக்கத்தப் பாத்தா மாதாவத்தான் பாக்கணும்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்கும் எனக்கும் வித்தியாசம், அவர் தன் வெட்கத்தைக் கண்ணாடிப் பெட்டி வாங்கி மூடினார், நான் வாயால் மூடினேன்.

அறிக்கை வந்தது. வடக்குக் கதவு காற்றோட்டத்துக்கானது, இப்போது மின்விசிறிகள் இருப்பதால் தேவைக்கேற்ப மாற்றலாம் என்று இருந்ததாக மாஸ்டர் வாசித்துச் சொன்னார். அடைக்கிற வேலைக்கு மேசன் வைக்கத் தேவையில்லை, நீரே செய்யும் என்றார். சின்னச் சின்னக் கொத்து வேலைகளை நான்தான் செய்வேன்.

அதற்கு முதல் நாள் பாதரின் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வழியெல்லாம் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதர் இளம் வயது, வந்து ஒரு வருடம்கூட இல்லை. வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், போனைக் கையால் பொத்திக்கொண்டு, “என்னண்ணே, அவசரமா?” என்று கேட்டார்.

அவசரம் இல்லை. எத்தனை காலமாக நிற்கிற கதவு, அதற்கு என்ன அவசரம்.

“இல்லீங்க பாதர், சீமெந்து ரெண்டு மூட்ட போதும்னு சொல்ல வந்தேன்.”

“சரி அண்ணே, மாஸ்டர்கிட்ட சொல்லுங்க” என்று சிரித்துவிட்டுத் திரும்பப் பேசத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஒரு மூட்டையே போதும். அதைக்கூட நான் சரியாகச் சொல்லவில்லை.

கதவை அடைக்க அரை நாள் போனது. முதலில் பலாப் பலகைக் கதவைக் கழற்றினேன். அது இப்போது பாதர் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடக்கிறது. கல்லுச் சுவரில் நான் வைத்தது செங்கல். அந்தச் சுவரில் விழுந்த முதல் செங்கல் அதுதான். யாரும் தலையில் தூக்கி வராத கல். முதலாளியின் லொறி கொண்டுவந்து கொட்டியது. கடைசி வரியை வைப்பதற்கு முன்னால், பக்கத்துச் சுவரில் அந்தக் கறுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் கை வைத்தால் அம்மாவின் கை உயரத்துக்கு வர முழங்கையை மடக்க வேண்டியிருந்தது. பிறகு அதன் மேலேயும் சாந்தை இழுத்துவிட்டேன். நத்தாருக்கு வெள்ளை அடித்த கறுப்பு திரும்பி வந்தது. சீமெந்துக்கு அடியிலிருந்து வராது.

மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, “வடிவாய் செய்திருக்கிறீர். வெளியில அந்தப் படியையும் கிளப்பிவிடும். சும்மா எதுக்கு?” என்றார்.

“அது ஆழமா பதிச்சிருக்குங்க சார். கிளப்பினா சுவர் வெடிக்கும்.”

படி ஆழமாக ஒன்றும் இல்லை. இரண்டு பேர் அலவாங்கு போட்டு நெம்பினால் பெயர்ந்து வந்துவிடும். இந்த விஷயத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதைவிட நல்ல பொய். அதனால் அந்தப் படி மட்டும் இன்னும் இருக்கிறது, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

கதவுக்குப் பிறகு முதலாளி கோயில் முழுவதற்கும் டைல்ஸ் கொடுத்தார். விறாந்தையின் பதிவை நிரப்பி, மண்டபத்தோடு ஒரே மட்டமாக்கி, மினுங்குகிற வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். பள்ளம் போய்விட்டது. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. புத்தகமும் வந்தது. பெருவிழாவுக்கு முதல் ஞாயிறு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். “பாரும், உம்மையும் போட்டிருக்கு” என்று பக்கத்தை மடித்துக் காட்டினார். அவர் என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தார். நான் நன்றி சொன்னேன்.

திருவிழாவன்று காலையில் தோட்டத்து ஆட்கள் லொறியிலும் த்ரீவீலிலும் வந்து இறங்கினார்கள். நான் வடக்குப் பக்கம் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவோடு வேலை செய்த ஒரு கிழவி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தன் பாட்டுக்கு அந்தப் பக்கமாகவே வந்தாள். கண் பார்வை மட்டு. பழக்கத்தில் படியில் ஏறி, குனிந்து, கையை நீட்டினாள். கை சுவரில் இடித்தது.

படியில் நின்றபடியே சுவரைத் தடவினாள். மேலே, கீழே, பக்கத்தில்.

“எங்கப்பா கதவு?” என்றாள். “நான்தான் எடம் மாறி வந்துட்டேனா?”

“இல்லக்கா. அடைச்சுட்டாங்க.”

“ஏன்?”

சுற்றிவரத் திருவிழாச் சனம். கொடி கட்டுகிறவர்கள், பாட்டுப் பெட்டிக்கு வயர் இழுக்கிறவர்கள். ஆனால் கேட்டுக்கொண்டு யாரும் நிற்கவில்லை. இவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. என்னைவிட இவளுக்குத்தான் எல்லாம் தெரியும். இருந்தும் என் வாய் பழகினபடியே பேசியது.

“அது காத்துக்கு வச்ச கதவுக்கா. இப்ப ஃபேன் இருக்குல்ல.”

அவள் என் பக்கம் திரும்பினாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் பல் இல்லாமல் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“காத்துக்கா? யாரு சொன்னா?”

நான் இன்னொரு நாற்காலியை இறக்கி வைத்தேன்.

“நீ சொன்னியா?” என்றாள். “அப்ப ஒங்கம்மா, நானு, எங்காத்தா எல்லாரும் காத்துதானா? சரி விடு. காத்துன்னாலும் வரவிடுவாங்களேப்பா. நீ அதையுந்தான் அடைச்சுட்டியே.”

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியிலிருந்து மெதுவாக இறங்கினாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். “வேணாம், போ. ஒனக்கு வேல கெடக்கு” என்றாள். சுவரைத் தடவிக்கொண்டே முகப்புப் பக்கம் சுற்றிப் போனாள்.

பூசை நேரம் உள்ளே பார்த்தேன். மண்டபத்தில் உட்காரும் வாங்குகள் நாலைந்து இன்னும் வெறுமையாக இருந்தன. அவள் தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தரை ஒரே மட்டமாகிவிட்டது, பள்ளம் இல்லை, கோடு இல்லை. இருந்தும் அவளுடைய கால் பழைய இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, ஒரு விரல்கூட இந்தப் பக்கம் வராமல் நின்றது. அவளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா, கால்மாட்டில் முதலாளியின் தாயின் பெயர் பித்தளையில். அவளுக்கு முன்னால் தூணின் முதுகு.

நான், பாதர் பூசை உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்து அறை வாசலில், டவுன் ஆட்கள் பார்க்கிற இடத்தில், சாவிக்கொத்தோடு நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. பத்து எட்டுக்கூட இல்லை. பூசை முடியும்வரை அந்த இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் காலையில் கோயிலைக் கூட்டினேன். பூவும் காகிதமும் மெழுகும் நிறையக் கிடந்தன. மண்டபத்திலிருந்து விறாந்தைக்கு விளக்குமாறு வழுக்கிக்கொண்டு போனது. இப்போது அது எங்கேயும் தட்டுவதில்லை. முன்பைவிடக் கால் மணி நேரம் முந்தியே வேலை முடிந்துவிடுகிறது.